படங்கைக் கழற்றாத றோசலின்

மேற்பிரிவு, பொகவந்தலாவை
12.01.2025

சேசு மரி சூசை துணை.

எட்டு லய வரிசை வீடுகளும் ஒரு தண்ணீர்ப் பீலியும் எண்ணிலடங்கா அட்டைகளும் கொண்ட மேற்பிரிவுத் தேயிலை ராச்சியத்தின் முடிசூடா மன்னன் கஸ்பர், தன் தங்கை றோசலின் பெற்ற ஒரே மகளும் வருங்காலப் புனிதையுமான மருமகள் ஷாமிலாவுக்கு எழுதிக்கொள்வது. நான் சுகம். என் முழங்கால்கள் மட்டும் என்னோடு கோபித்துக்கொண்டு தனிக்குடித்தனம் கேட்கின்றன. உன் சுகத்தையும், உன் கைக்கு வருமுன் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் மதர் அம்மாவின் சுகத்தையும் அறிய ஆவல். (மதர் அம்மா, வணக்கம். உறையை ஒட்டாமலே அனுப்பியிருக்கிறேன். தங்கள் நகத்துக்குச் சேதம் வரக்கூடாது.)

நவதுறவியர் இல்லத்தில் கைபேசி ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். இந்தக் காலத்தில் பேனா வாங்க பஸாருக்குப் போன ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன். கடைக்காரன் என்னைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டான்.

உன் அம்மாவைப் பற்றி என்னத்தைச் சொல்ல! அருவருப்பாக இருக்கிறது. நத்தார் பூசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள், பாதர் பிரசங்கம் தொடங்கி 'பெத்லகேம்' என்று சொல்லி முடிக்குமுன் தூங்கிவிட்டாள். சாதாரணத் தூக்கமா? வாயைப் பிளந்துகொண்டு, என் புதுச்சட்டைத் தோளில் எச்சில் ஆறு ஓட விட்டுத் தூங்கினாள். மகாவலி அங்கேதான் உற்பத்தியாகிறது என்று பள்ளிக்கூடத்தில் இனிப் படிப்பிக்கலாம். பாதர் மைக்கில், "றோசலினம்மாவோட கனவு கலையாம இருக்க, நான் சுருக்கமா முடிச்சுக்கிறேன்" என்றார். சனம் சிரித்த சிரிப்பில் குழந்தை யேசுவே தொட்டிலில் திரும்பிப் படுத்தார்.

பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்குகிறாள். ரொட்டியை வாயில் வைத்தபடி தூங்குகிறாள். பகலெல்லாம் இப்படி என்றால் ராத்திரியாவது அடங்கிக் கிடப்பாளா? மாட்டாள். படுத்தவுடன் காலுக்குப் பேய் பிடிக்கிறது. உதறுகிறாள், தேய்க்கிறாள், இரண்டு அறைக்கும் நடுவிலுள்ள பலகைத் தடுப்பை உதைக்கிறாள். குதிரை லாயத்தில் குடியிருப்பது போலிருக்கிறது எனக்கு.

"என்னாடி செய்யுது?"

"காலுக்குள்ள எறும்பு ஊருதுண்ணே. ஒதறுனாத்தான் கொஞ்சம் நிக்குது."

கால் கழுவிப் படுக்காதவளுக்கு எறும்பு ஊராமல் யானையா ஊரும் என்று கேட்டேன். பதிலுக்குப் பலகையை உதைத்தாள்.

மற்றபடி அம்மா சுகம். அடியில் இரண்டு வரி எழுதச் சொல்லிப் பேனாவைக் கொடுத்தேன். பேனாவோடு தூங்கிவிட்டாள்.

என் ஆசீர்வாதங்கள் அனைத்தும் உனக்கு, மிச்சமிருந்தால் மதருக்கு.
மாமா கஸ்பர்


யாழ்ப்பாணம்
26.01.2025

அன்புள்ள மாமாவுக்கு,

கிறிஸ்துவின் சமாதானம் நம் வீட்டில் தங்கட்டும். நான் நலம். இங்கே வெயிலும் நலமாகவே இருக்கிறது. உங்கள் முழங்காலுக்கு இங்குள்ள மூத்த சிஸ்டர் ஒருவர் தைலம் தந்திருக்கிறார், அனுப்புகிறேன்.

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வாசித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். மகாவலி இடத்தில் மதர்கூடச் சிரித்தார். பிறகு தனியாக வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மா எப்போதும் உங்கள் கடிதத்தின் அடியில் ஒரு வரியாவது எழுதுவார்கள். "ஒழுங்கா சாப்புடு மகள்" என்ற அதே வரிதான். அது இல்லாமல் எனக்குக் கடிதம் வந்தது இதுதான் முதல் தடவை.

அம்மா தூங்குமூஞ்சி இல்லை மாமா. கோழி கூவுமுன் எழும்பி, உங்களுக்கும் சமைத்து வைத்துவிட்டுப் மலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு முதல் ஆளாக ஓடுகிறவங்க. தயவுசெய்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போங்க. வேறு ஏதாவது இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்க.

உங்கள் அன்பு மருமகள்
ஷாமிலா


மேற்பிரிவு, பொகவந்தலாவை
09.02.2025

தைலம் வந்து சேர்ந்தது. தேய்த்ததும் முழங்கால் முன்னைவிட அதிகமாகப் பேச ஆரம்பித்திருக்கிறது. அந்த மூத்த சிஸ்டருக்கு மோட்சத்தில் நல்ல இடம் கிடைக்கட்டும், சீக்கிரமே.

மருமகளே, மனதைத் திடப்படுத்திக்கொள். நம் வீட்டு அடுப்பைத் தின்றுகொண்டிருந்த மிருகத்தைக் கண்டுபிடித்துவிட்டேன்.

மண் அடுப்பின் இடது மூலை நத்தாரிலிருந்து தேய்ந்துகொண்டே வந்தது. எலி என்று நினைத்தேன். பூனை அளவு எலி, இல்லை, கன்றுக்குட்டி அளவு எலி! பக்கத்துக் காம்பரா வீட்டுப் பிரியந்தியிடம் பொறி வாங்கி, தேங்காய்த் துண்டு குத்தி வைத்தேன். தேங்காய் அப்படியே காய்ந்தது, அடுப்பு மட்டும் தேய்ந்தது. தேங்காயை விட்டு அடுப்பைத் தின்னும் எலி எந்தச் சாதி என்று, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவிடுக்கில் ஒளிந்து நின்றேன். வந்தது எலி இல்லை. உன் அம்மா. அடுப்பு மூலையில் ஒரு துண்டை நகத்தால் பெயர்த்து, மைசூர்பாகு மாதிரி வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். நறநற என்ற அந்தச் சத்தம் என் கடைவாய்ப் பல்லில் இன்னும் இருக்கிறது. சாம்பலும் சட்டிக்கரியும் ஒட்டிய மண், மருமகளே! எனக்குக் குமட்டி, வாசலில் போய்த் துப்பினேன்.

"சீ! மனுசியா நீ? என்னா கருமத்தடி திங்கிற?"

"வாசமா இருக்குண்ணே. திங்காம இருக்க முடியல" என்று அழுதாள். ஐம்பதை எட்டப்போகிற பொம்பளை, மண் தின்று பிடிபட்டு அழுகிறாள்.

உன் உத்தரவுப்படி டிஸ்பென்சரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். மருந்தையா கண் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி வெள்ளை. "இரத்தத்துல இரும்பு இல்ல. அதான் அலுப்பு, தூக்கம், கால் ஒதறல், மண்ணு திங்கிறது எல்லாம்" என்று மாத்திரை கொடுத்தார். இரும்பு வேண்டுமென்றால் பழைய ஃபெக்டரியில் எவ்வளவு வேண்டுமானாலும் கிடக்கிறதே என்றேன். அவருக்கு என் அறிவு பிடிக்கவில்லை.

அந்த மாத்திரையின் நாற்றம் இருக்கிறதே, துருப்பிடித்த தகரத்தை நக்கியது போல ஏப்பம் விடுகிறாள். கக்கூஸுக்குப் போனவள் ஓடிவந்து, "அண்ணே, தார் மாதிரி போகுது" என்கிறாள். றோட்டுப் போட ஆட்கள் வந்தால் நம் லயத்திலேயே எல்லாம் கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறேன். (மதர் அம்மா இந்த இடத்தைச் சாப்பாட்டு மேசையில் வாசிக்க வேண்டாம்.)

வேறு ஏதாவது இருந்தால் மறைக்காமல் எழுது என்று கேட்டிருக்கிறாய். ராச ரகசியங்களை ஒரு மன்னன் கடிதத்தில் எழுதுவதில்லை. அம்மா சுகம்.

மாமா கஸ்பர்


யாழ்ப்பாணம்
23.02.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஆண்டவர் உங்கள் இருவரையும் தாங்கட்டும். முழங்கால் எப்படி? என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

அடுப்புக் கதையை நான் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை.

மூன்று விஷயம் கேட்கிறேன், பகிடி விடாமல் பதில் எழுதுங்க. அம்மா அந்த மாத்திரையை எப்படி, எதோடு எடுக்கிறாங்க? மலையில் முழுநாளும் கொழுந்து எடுக்கிறாங்களா, அல்லது இடையில் வந்துவிடுகிறாங்களா? நீங்கள் சொல்லாமல் விட்ட ராச ரகசியம் என்ன?

மார்ச் ஐந்தாம் திகதி விபூதிப் புதன். அன்றிலிருந்து உயிர்ப்புத் திருநாள் வரை எங்களுக்குக் கடிதம் எழுதவோ வாசிக்கவோ அனுமதி இல்லை. வரும் கடிதங்களை மதர் வாங்கி வைத்துப் பிறகுதான் தருவார். அதற்குள் பதில் வந்துவிட வேண்டும். இன்றே எழுதுங்க மாமா.

ஷாமிலா


மேற்பிரிவு, பொகவந்தலாவை
07.03.2025

உன் கடிதம் தபாற்கந்தோரில் படுத்து ஓய்வெடுத்துவிட்டு விபூதிப் புதனன்றுதான் என் கைக்கு வந்தது. ஆகவே இதை நீ உயிர்ப்புத் திருநாளுக்குத்தான் படிப்பாய். அதுவரை இதன் ஒரே வாசகி மதர் அம்மா. வணக்கம் மதர் அம்மா. தாங்கள் நலமா? தவக்காலத்தில் தங்களுக்குப் பொழுதுபோக்கு வேண்டுமல்லவா?

மருமகளின் முதற் கேள்விக்குப் பதில். மாத்திரையை எதோடு எடுக்கிறாளா? நான் எதற்கு இருக்கிறேன்! முப்பது வருசம் ஃபெக்டரியில் தேயிலை அரைத்தவன் வீட்டில் தண்ணீரோடா மாத்திரை விழுங்குவது? அந்தத் துரு நாற்றத்தை அடக்க உலகில் ஒரே மருந்து, சாயத்தண்ணி. காலையும் மாலையும் நானே என் கையால் ஊற்றுகிறேன். தூளை அள்ளிப் போட்டு, சட்டியில் கொதிக்கவிட்டு, கரண்டியை நட்டால் கரண்டி விழாமல் நிற்கும் பதத்தில் இறக்குவேன். மாத்திரையை நாக்கில் வைத்து, கோப்பையைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டுவரை குடிக்கும் வரைக்கும் பக்கத்திலேயே நிற்பேன். சோற்றுக்குப் பிறகும் ஒரு கோப்பை. இவ்வளவு செய்தும் இரத்தம் ஏறவில்லை. மருந்தையா மறுபடி சோதித்துவிட்டு, "இன்னும் கொறஞ்சிருக்கே, மாத்திரைய வீசுறீங்களா?" என்று கேட்கிறார். என் முன்னாலேயே! கோபத்தில் அன்றிலிருந்து சாயத்தை இன்னும் கடுப்பாக்கிவிட்டேன்.

மற்றக் கேள்விகளை விடுவோம். வேறொரு அசிங்கம் சொல்கிறேன்.

மலைக்குப் போகும் பெண்கள் ஈரத்துக்கும் முள்ளுக்கும் இடுப்பில் படங்கு கட்டுவது மதருக்குத் தெரியாது. சாக்கும் ரெக்சினும் சேர்ந்த ஒரு கனத்த துணி. அட்டையும் சேறும் கொழுந்துக் கறையும் ஒட்டிய அந்தச் சனியனை எல்லாரும் வாசலிலேயே அவிழ்த்து எறிவார்கள். உன் அம்மா இப்போது அதை வீட்டுக்குள்ளும் கழற்றுவதில்லை. அதோடு சமைக்கிறாள், அதோடு உட்காருகிறாள், படுக்கும்போது பாயில் அதைத்தான் விரிக்கிறாள். ஒரு வாடை வருகிறது பாருங்கள் மதர் அம்மா, செத்த எலி தோற்றுப்போகும். "கழட்டித் தொலையேன்டி, நாறுது!" என்றால், "குளிருதுண்ணே" என்கிறாள். பிறகு விடியுமுன், பீலியில் ஐஸ் தண்ணீர் கொட்டும் நேரத்தில், யாரும் வருமுன் போய்த் துணி அலசுகிறாள். குளிருகிறவள் செய்கிற வேலையா? பூசைக்கும் வருவதில்லை, வந்தாலும் பெஞ்சில் உட்காருவதில்லை, கதவோரம் நிற்கிறாள். சோம்பல் முற்றி ஊத்தையாகிவிட்டது. அவள் கையால் சோறு வாங்கவே எனக்குக் கூசுகிறது.

தவக்காலம் தங்களுக்கு இனிதாகட்டும்.
கஸ்பர்


யாழ்ப்பாணம்
14.03.2025

திரு. கஸ்பர் அவர்களுக்கு,

நலமாயிருப்பீர்கள் என நம்புகிறேன். உறையை ஒட்டாமல் அனுப்புவதற்கு நன்றி. நான் ஷாமிலாவின் மதர், செல்வமலர். துறவறத்துக்கு வருமுன் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்தவள். ஆகவே இந்தக் கடிதம் உயிர்ப்புத் திருநாள் வரை காத்திருக்க முடியாது.

தேநீரிலுள்ள சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். நீங்கள் காலையும் மாலையும் பக்கத்தில் நின்று கொடுத்த மாத்திரைகளில் பெரும்பகுதி வீணாய்ப் போயிருக்கும். இன்றோடு நிறுத்துங்கள். மாத்திரையைத் தண்ணீரோடு, முடிந்தால் தேசிக்காய்த் தண்ணீரோடு கொடுங்கள். தேநீர் வேண்டுமென்றால் சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் வெகுநேரம் தள்ளி.

இரண்டாவது, உங்கள் தங்கை ஊத்தையான பெண் அல்ல. படங்கைக் கழற்றாததும், அதை விரித்துப் படுப்பதும், இருட்டில் துணி அலசுவதும், பெஞ்சில் உட்காராததும் எல்லாம் ஒரே காரணத்துக்குத்தான். அவருக்கு மாதப்போக்கு அளவுக்கு மிஞ்சிப் போகிறது. இரும்பு அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. அதை அவர் ஓர் ஆணிடம் சொல்லமாட்டார், அதிலும் மூக்கைப் பொத்தும் அண்ணனிடம். பிரியந்தி என்று ஒரு பெண்ணை எழுதியிருந்தீர்களே, அவரிடம் விஷயத்தைச் சொல்லி, இந்த வாரமே ஆஸ்பத்திரியில் பெண்நோயியல் கிளினிக்குக்கு அனுப்புங்கள்.

உங்கள் கடிதத்தை வாசித்து எனக்கும் அருவருப்பு வந்தது. உங்கள் தங்கை மீது அல்ல.

செபத்தில் நினைக்கிறேன்.
சகோதரி செல்வமலர்


மேற்பிரிவு, பொகவந்தலாவை
21.03.2025

மதர் அம்மா அவர்களுக்கு, முழு மரியாதையுடனும் முக்கால் கோபத்துடனும் கஸ்பர் எழுதுவது. தங்கள் சுகம் விசாரிக்கிறேன், விசாரிக்க மனமில்லாவிட்டாலும்.

ஒரு கன்னியாஸ்திரி, வளர்ந்த ஆண்பிள்ளைக்கு இப்படியெல்லாம் எழுதலாமா? படித்த அதிர்ச்சியில் கண்ணைப் பொத்த வேண்டிய நான் காதைப் பொத்திக்கொண்டேன். பெண்களின் அந்தச் சங்கதியை நான் பிரியந்தியிடம் போய்ச் சொல்வதா? அதற்குப் பதில் நான் சிங்கமலை சுரங்கத்துக்குள் நின்று ரயிலை மறிப்பேன்.

தேயிலையையும் குற்றம் சொல்லியிருக்கிறீர்கள். எங்கள் பாட்டன் பூட்டன் எல்லாம் சாயத்தண்ணியில் பிறந்து, சாயத்தண்ணியில் வளர்ந்து, சாயத்தண்ணி குடித்துக்கொண்டே செத்தவர்கள். தாங்கள் பனங்காட்டில் இருந்துகொண்டு எங்களுக்குத் தேயிலை படிப்பிக்க வேண்டாம். என் கையால் ஊற்றுவது நஞ்சு என்று எந்த மருந்தையாவும் சொன்னதில்லை. நான் எதோடு கொடுக்கிறேன் என்று அவர் கேட்டதுமில்லை.

றோசலின் சுகம். நன்றாகத் தூங்குகிறாள், மலையிலும் தூங்குகிறாள்.

கஸ்பர்


ஆஸ்பத்திரி வாசலிலிருந்து
27.03.2025

மதர் அம்மாவுக்கு,

றோசலின் நேற்று மலையில் விழுந்துவிட்டாள். கொழுந்துக் கூடையோடு தண்ணீர்க் கானுக்குள் கிடந்தாள். தூங்குகிறாள் என்று கொஞ்ச நேரம் யாரும் பக்கத்தில் போகவில்லை. நான் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன்.

கொழுந்து லொறியில் கொண்டுவந்தோம். இரத்தம் ஏற்றுகிறார்கள். உள்ளே கட்டி இருக்கிறதாம். கண்டிக்கு அனுப்பி ஒப்பரேசன் செய்ய வேண்டுமாம்.

இதற்கு முன்னும் மலையில் மயங்கி விழுந்திருக்கிறாள். எழுதக்கூடாது என்று மாதா படத்தில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினாள். தெரிந்தால் பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள், பிறகு திரும்பிப் போகமாட்டாள் என்று பயந்தாள். அதுதான் ராச ரகசியம்.

படங்கை அவிழ்த்து என் கையில் கொடுத்தார்கள். ராத்திரி லயத்துக்குப் போய்ப் பீலியில் நானே கழுவினேன். ரொம்ப நேரம் தண்ணீர் சிவப்பாகவே போனது. நீங்கள் எழுதியது விளங்கியது.

பிள்ளையிடம் நீங்களே சொல்லுங்கள். எனக்கு எழுத வரவில்லை.

கஸ்பர்


யாழ்ப்பாணம்
02.04.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இது தவக்காலத்தில் எழுதப்படும் கடிதம். பேனாவை மதரே கொண்டுவந்து கையில் தந்தார். உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் ஒன்றாக வாசித்தேன். நீங்கள் சாப்பிடுகிறீர்களா? இரவில் படுக்கிறீர்களா? கடைசிக் கடிதத்தில் உங்கள் முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். அம்மாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்க. வருவதற்கும் திரும்புவதற்கும் சேர்த்தே மதர் டிக்கட் எடுத்துத் தந்திருக்கிறார். ஒப்பரேசன் முடிந்து அம்மா எழும்பி உட்காரும் வரை இருக்கலாம் என்றும் சொல்லிவிட்டார்.

சாயத்தண்ணியை நீங்கள் அன்பில்தான் ஊற்றினீர்கள். அது எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அதை நினைத்து மனதைப் போட்டு உடைக்காதீங்க. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும் மாமா. அம்மா உங்களிடம் வாயைத் திறக்காததற்கு வெட்கம் மட்டும் காரணமில்லை. நீங்கள் முகத்தைச் சுளிப்பீர்கள் என்று பயம். அடுப்பு மண்ணுக்குச் சுளித்த முகத்தை அவங்க பார்த்தாங்க. இதையும் சொன்னால் அந்த முகம் எப்படியாகும் என்று நினைத்திருப்பாங்க. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரும்போது அந்த முகத்தை வாசலில் அவிழ்த்து வைத்துவிட்டுப் போங்க.

ஷாமிலா


மேற்பிரிவு, பொகவந்தலாவை
25.05.2025

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறது,

மாதா கிருபையில நான் சொகம். நீ போறப்ப இருந்த ஒப்பரேசன் புண்ணும் காஞ்சிருச்சு. மதருக்கும் என்னோட சொகத்த சொல்லு. அவங்களுக்கு ஒரு பார்சல் தேயிலத்தூள் அனுப்புறேன்னு உங்க மாமா நிக்கிறாரு. சோத்துக்குப் பொறகு உடனே குடிக்கக் கூடாதுன்னு மேல எழுதி ஒட்டியிருக்காரு.

நீ போன பொறகு மாமா செய்யிற அட்டகாசம் தாங்கல. மாத்திரைக்கு தேசிக்காத் தண்ணி, அதுக்குப் பொறகு முருங்கக்கீர, அதுக்குப் பொறகு ஈரல். பச்ச ஈரல கையில புடிச்சு அறுக்கும்போது அவருக்குக் கொமட்டுது, வெளிய ஓடுறாரு, துப்பிட்டு வந்து மறுபடி அறுக்கிறாரு. "நான் அறுக்கிறேண்ணே"ன்னா, "ஒக்காருடி, ராசா வேல செய்யிறப்ப குறுக்க வராத"ங்கிறாரு. வாயிதான் ஒன்னும் சொல்லல. மூஞ்சி தன்னால கோணுது. அத நான் பாக்காம இருக்க, சொவத்துப் பக்கம் திரும்பி நின்னு அறுக்கிறாரு.

என் முன்னாடி சாயத்தண்ணி குடிக்கிறதில்ல. பிரியந்தி வீட்டுக்குப் பின்னாடி போயி ஒளிஞ்சு நின்னு குடிச்சிட்டு வாராரு. வாசம் எனக்குத் தெரியாதா? கேட்டா, ராச்சியத்த சுத்திப் பாக்கப் போனேங்கிறாரு.

அடுப்ப பூசிட்டேன். இப்ப அந்த மண்ணு வாசம் வந்தா எனக்கே கொமட்டுது. எப்புடித் தின்னேன்னு தெரியல.

காலுக்குள்ள எறும்பும் நின்னுருச்சு மகள். போன கெழம ஒரு நாளு, எத்தன வருசத்துக்குப் பொறகோ, அசையாம செத்த பொணமா தூங்கியிருக்கேன். நடுச்சாமத்துல யாரோ என் பாதத்த புடிச்சு ஆட்டுறாங்க. பயந்து முழிச்சா, உங்க மாமா டோர்ச் லைட்டோட நிக்கிறாரு.

"என்னாண்ணே?"

"பலக சத்தமே கேக்கலையேடி."

அவ்வளவுதான் சொன்னாரு. லைட்ட அணைச்சிட்டுத் தரையிலயே ஒக்காந்துட்டாரு. பொறகு எனக்கும் தூக்கம் வரல, அவருக்கும் வரல. விடியிற வரைக்கும் ரெண்டு பேரும் கத பேசிக்கிட்டு இருந்தோம்.

ஒழுங்கா சாப்புடு மகள்.
அம்மா றோசலின்

இதன் அடியில் ஒரு வரி எழுத மன்னனுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. மேலே உள்ளவை அனைத்தும் அவதூறு, நான் யாரையும் எழுப்பவில்லை, ராச்சியத்தின் எல்லையைப் பரிசோதித்தேன். இப்போது பகல் பன்னிரண்டு மணி, கடிதத்தை மடிக்குமுன் உன் அம்மா பலகைக்கு அந்தப் பக்கம் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டாள், இந்தப் பேனா எழுதும்போது கீச்சிடுகிறது, ஆகவே இத்தோடு